அல்ஜீரிய விடுதலைப் போர்: படத்தில் இருந்த ஆறு பேரும் இல்லாத ஒருவரும்

1954 நவம்பர் 1 என்றதும் புதுச்சேரிக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது ஒன்றுதான்: பிரெஞ்சு நிர்வாகம் கைமாறிய நாள். அதற்கு இரண்டு வாரம் முன்பு கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்திருந்தார்கள். அதன்படி அன்று பிரெஞ்சுக் கொடி இறங்கியது, இந்தியக் கொடி ஏறியது.

அதே நாளில் அதே பாரிஸ் அரசுக்கு மத்தியதரைக் கடலின் தென்கரையிலிருந்து வேறு செய்தி வந்துகொண்டிருந்தது. நள்ளிரவு தாண்டியதும் அல்ஜீரியாவில் சுமார் 70 இடங்களில் தாக்குதல். போலீஸ் நிலையங்கள், ராணுவ முகாம்கள், தொலைபேசிக் கம்பிகள், தக்கைக் கிடங்குகள். பல தாக்குதல்கள் அரைகுறையாகவே முடிந்தன. வைத்த குண்டுகளில் பல வெடிக்கவே இல்லை. ஆனாலும் அன்று தொடங்கிய போர் ஏழரை ஆண்டு நீண்டது. அதில் 15 லட்சம் பேர் உயிர்கொடுத்தார்கள் என்பது அல்ஜீரிய அரசின் கணக்கு. வரலாற்றாசிரியர்கள் பலர் மூன்று, நான்கு லட்சம் என்கிறார்கள். போர் தொடங்கியபோது அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகை ஒரு கோடிக்கும் குறைவு என்பதை மனதில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

அப்போது பிரான்ஸின் பிரதமர் மாந்தெஸ் பிரான்ஸ். ஜூலையில் ஜெனீவாவில் வியட்நாம் போரை முடித்துவைத்தவர், நவம்பரில் புதுச்சேரியை விட்டுக்கொடுத்தவர். அவரே நவம்பர் 12 அன்று நாடாளுமன்றத்தில் எழுந்து, அல்ஜீரியா பிரெஞ்சுக் குடியரசின் ஒரு பகுதி, இதில் சமரசத்துக்கே இடமில்லை என்று அறிவித்தார். உள்துறை அமைச்சராக இருந்த மித்தரானும் அதையே சொன்னார். புதுச்சேரிக்கு ஒரு நியாயம், அல்ஜியர்ஸுக்கு ஒரு நியாயம். காரணம், அல்ஜீரியாவில் சுமார் 10 லட்சம் ஐரோப்பியர்கள் குடியேறித் தலைமுறைகளாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 1848 முதல் அந்த நாடு சட்டப்படி பிரான்ஸின் மாவட்டங்களாகவே கணக்கிடப்பட்டது. புதுச்சேரி இணைப்பு ஒப்பந்தம் 1956இலேயே கையெழுத்தானது. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தந்தது 1962 ஜூலையில், அல்ஜீரியா விடுதலையான பிறகுதான். அந்த இடைப்பட்ட காலத்தில் புதுச்சேரியின் சொல்தாக்கள் (பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்த வீரர்கள்) சிலரும் பிரெஞ்சுச் சீருடையில் அல்ஜீரியாவுக்கு அனுப்பப்பட்டார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

சரி, அந்தப் போரை வடிவமைத்தவர்கள் யார்? வியட்நாம் என்றால் ஹோ சி மின், இந்தியா என்றால் காந்தி, நேரு. அல்ஜீரியா என்றால் யாருடைய பெயர் வருகிறது? சட்டென்று ஒரு பெயர் வராது. அது தற்செயலாக நடந்ததல்ல. போரைத் தொடங்கியவர்கள் தெரிந்தேதான் தனித் தலைவர் வேண்டாம் என்று வைத்தார்கள். அந்த முடிவுதான் அவர்களைக் காப்பாற்றியது, பிறகு அதுவே அவர்களை அழித்தது என்பது என் கருத்து.

இதைப் புரிந்துகொள்ள மெசாலி ஹாஜிலிருந்து தொடங்க வேண்டும். 1898இல் திலெம்சனில் பிறந்தவர். அல்ஜீரியாவுக்கு முழு விடுதலை வேண்டும் என்ற கோரிக்கையை 1920களிலேயே, பாரிஸில் பிழைக்கப் போன தொழிலாளர்கள் மத்தியில் அமைப்பாகக் கட்டி எழுப்பியவர். தாடி, நீள அங்கி, கூட்டங்களில் அவரைத் தொட்டுப் பார்க்கத் துடிக்கும் தொண்டர்கள். ஒரு தலைமுறைக்கு அவர்தான் இயக்கம். 1945 மே 8 அன்று, ஐரோப்பாவில் போர் முடிந்ததைக் கொண்டாடிய அதே நாளில், செதீஃப் நகர ஊர்வலத்தில் அல்ஜீரியக் கொடி பிடித்த இளைஞனைச் சுட்டார்கள். கலவரத்தில் 100 ஐரோப்பியர்கள் கொல்லப்பட்டதற்குப் பதிலாக செதீஃப், குவெல்மா, கெர்ராதா வட்டாரங்களில் ஆயிரக்கணக்கான அல்ஜீரியர்கள் வேட்டையாடப்பட்டார்கள். அதன் பிறகு வாக்குப்பெட்டியை நம்பலாமா என்ற கேள்விக்கு 1948 தேர்தல் பதில் சொன்னது. புதிய சட்டசபையில் 10 லட்சம் ஐரோப்பியர்களுக்கு 60 இடம், 80 லட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களுக்கு 60 இடம். அந்த 60ஐயும் நியாயமாக விடாமல் நிர்வாகமே கள்ள ஓட்டுப் போட்டு நிரப்பியது.

ஆயுதம்தான் வழி என்று முடிவெடுத்த இளைஞர்கள் 1947இலேயே மெசாலியின் கட்சிக்குள் ரகசியப் படைப்பிரிவு ஒன்றை வைத்திருந்தார்கள். 1950இல் போலீஸ் அதை உடைத்தது. 1954இல் கட்சியே இரண்டாகப் பிளந்தது: வாழ்நாள் தலைமை கேட்ட மெசாலி ஒரு பக்கம், மத்தியக் குழு மறு பக்கம். இரண்டு கோஷ்டியிலும் சேராத இளைஞர்கள், இப்படிச் சண்டை போட்டுக்கொண்டே இருந்தால் நாடு வராது என்று தனியாகக் கிளம்பினார்கள்.

அவர்களில் ஆறு பேர் அந்த அக்டோபர் இறுதியில் அல்ஜியர்ஸில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய் ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். அல்ஜீரியாவில் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த படம் அது. நால்வர் நிற்கிறார்கள்: ரபாஹ் பிதாத், முஸ்தஃபா பென் பூலைத், தீதூஷ் முராத், முகமது பூதியாஃப். முன்னால் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள்: கிரிம் பெல்காசெம், லார்பி பென் மிஹிதி. மூத்தவருக்கு வயது 37, இளையவருக்கு 27. கோட்டு சூட்டில் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி தெரிகிறார்கள். அவர்களில் பென் பூலைத் மாவு மில்லும் பஸ் கம்பெனியும் வைத்திருந்தவர். சொத்தை ஆயுதமாக மாற்றினார். கிரிம் பிரெஞ்சு ராணுவத்தில் கார்ப்பரலாக இருந்துவிட்டு 1947 முதல் கபீலியா மலைகளில் தலைமறைவாக இருந்தவர். வெளியே, கெய்ரோவில், மேலும் மூவர்: அகமது பென் பெல்லா, ஹொசின் ஐத் அகமது, முகமது கிதெர். இதில் பென் பெல்லா இரண்டாம் உலகப் போரில், இத்தாலியின் மான்டே கசினோ சண்டையில் காட்டிய வீரத்துக்காக பிரெஞ்சுத் தலைவர் தெகோல் கையாலேயே பதக்கம் வாங்கியவர்.

நாட்டை வட்டாரங்களாகப் பிரித்துக்கொண்டு, தேசிய விடுதலை முன்னணி என்று பெயர் வைத்து, மெசாலியின் கதை மறுபடி வரக்கூடாது என்று தலைவர் பதவியே இல்லாமல் கூட்டுத் தலைமை என்று ஏற்பாடு செய்தார்கள். முதல் அறிக்கையில் யாருடைய பெயரும் இல்லை. அந்த அறிக்கை அச்சான விதத்தைச் சொன்னால் அவர்களுடைய வசதி என்னவென்று புரியும். கபீலியாவில் இகில் இமூலா என்ற மலைக்கிராமத்தில் ஒரு வீட்டில் சைக்ளோஸ்டைல் மெஷினை வைத்து இரவில் ஓட்டினார்கள். மெஷின் சத்தம் வெளியே கேட்டுவிடாமல் இருக்க, கீழே கடையில் ஊர்க்காரர்கள் குலுக்கல் விளையாட்டு நடத்திக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அந்த ஊரில் இன்றும் சொல்வார்கள். கையில் இருந்ததோ சில நூறு துப்பாக்கிகள், அதில் பல வேட்டைத் துப்பாக்கி.

முதல் குளிர்காலத்திலேயே நிலைமை மோசமானது. தீதூஷ் 1955 ஜனவரியில் சண்டையில் இறந்தார். பென் பூலைத் பிப்ரவரியிலும் பிதாத் மார்ச்சிலும் பிடிபட்டார்கள். பூதியாஃப் வெளிநாட்டில். படத்தில் இருந்த ஆறு பேரில் நாட்டுக்குள் சுதந்திரமாக எஞ்சியவர்கள் இரண்டே பேர். போர் அப்போதே முடிந்திருக்க வேண்டியது.

அந்த நேரத்தில்தான் படத்தில் இல்லாத ஒருவர் சிறையிலிருந்து வெளியே வந்தார். அபான் ரம்தான். 1920இல் கபீலியாவின் அஸூஸா கிராமத்தில் பிறந்தவர், கணிதத்தில் கெட்டிக்காரர், ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தவர். ரகசியப் படைப்பிரிவு வழக்கில் 1950இல் உள்ளே போய், சிறையிலும் உண்ணாவிரதம் இருந்து அதிகாரிகளை ஆட்டிவைத்துவிட்டு, 1955 ஜனவரியில் விடுதலையானார். நவம்பர் 1இல் அவருக்குப் பங்கே இல்லை. ஆனால் ஒரு சிறு கிளர்ச்சியை தேசத்தின் போராக மாற்றியவர் அவர்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அவர் செய்தது எளிய காரியம், ஆனால் மற்றவர்களுக்கு வராத காரியம். பிளந்து கிடந்த எல்லாக் கட்சிக்காரர்களையும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே இழுத்தார். மெசாலியோடு சண்டை போட்ட மத்தியக் குழுவினர், மார்க்க அறிஞர்கள், கம்யூனிஸ்டுகள், மாணவர்கள், தொழிற்சங்கம். கட்சியாக வராதீர்கள், தனிமனிதராக வாருங்கள் என்பது நிபந்தனை. அவர் இழுத்ததில் பெரிய மீன் ஃபெர்ஹாத் அப்பாஸ். செதீஃபில் மருந்துக்கடை வைத்திருந்த இந்த மிதவாதி 1936இல், அல்ஜீரிய தேசம் என்று ஒன்றைத் தேடினேன், காணவில்லை என்று எழுதியவர். பிரெஞ்சுக் குடியுரிமையும் சம உரிமையும் கிடைத்தால் போதும் என்று இருபது வருடம் கேட்டுப் பார்த்து, எதுவும் கிடைக்காமல் 1956இல் கெய்ரோ போய் முன்னணியில் சேர்ந்தார். அப்பாஸே போய்விட்டார் என்ற செய்தி, பேச்சுவார்த்தைக்கு நடுவில் ஆளே இல்லை என்பதை பாரிஸுக்குச் சொல்லிவிட்டது. நாட்டுக்கு ஒரு கீதம் வேண்டும் என்று கவிஞர் முஃப்தி ஸக்கரியாவிடம் கேட்டு எழுதவைத்ததும் அபான்தான்.

மலையில் இருந்த தளபதிகள் வேறு மாதிரி யோசித்தார்கள். 1955 ஆகஸ்ட் 20 அன்று கொன்ஸ்தந்தின் பகுதியில், கொல்லராக இருந்து தளபதியான ஸிகூத் யூசெஃப் ஒரு பெரும் தாக்குதலை நடத்தினார். கிராமத்து மக்கள் அரிவாளும் கோடரியுமாக பிலிப்வில் வட்டாரத்தில் இறங்கினார்கள். 123 பேர் கொல்லப்பட்டார்கள், அதில் 71 பேர் ஐரோப்பியர்கள், குழந்தைகளும் உண்டு. பதிலடியில் பிரெஞ்சு அரசு ஒப்புக்கொண்ட சாவு மட்டும் 1,273. முன்னணி சொன்ன கணக்கு 12,000. சீர்திருத்தம் பேசி வந்த மானிடவியல் அறிஞர், கவர்னர் ஜெனரல் சுஸ்தெல், அந்தப் பிணங்களைப் பார்த்தபின் கடும்போக்காளராக மாறினார். நடுவழி என்ற ஒன்று அன்றோடு போனது. ஸிகூத் விரும்பியதும் அதுதான். அதை நினைத்துப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. ஆனால் அதைச் சொல்லாமல் இந்தப் போரின் கதையைச் சொல்ல முடியாது.

சரியாக ஓராண்டு கழித்து, 1956 ஆகஸ்ட் 20 அன்று, சுமாம் பள்ளத்தாக்கில் இஃப்ரி என்ற கிராமத்தில் அபான் கூட்டிய மாநாடு நடந்தது. முதலில் வேறு ஊரில் நடத்தத்தான் திட்டம். ஆனால் மாநாட்டு ஆவணங்களைச் சுமந்து வந்த கோவேறு கழுதை பாதி வழியில் மிரண்டு ஓடியது. அது முன்பு பிரெஞ்சு ராணுவத்திடமிருந்து கைப்பற்றிய கழுதை. நேராகப் பழைய முகாமுக்கே போய் நின்றுவிட்டது, சுமையோடு. அதனால் இடம் மாறியது. பக்கத்திலேயே பிரெஞ்சுப் படை நடமாடிக்கொண்டிருக்க, தலைவர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து பேசினார்கள். பென் மிஹிதி தலைமை, அபான் செயலாளர்.

அங்கே நாடு ஆறு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ராணுவப் பதவிகள் வரையறுக்கப்பட்டன. 34 பேர் கொண்ட தேசியப் பேரவையும் ஐந்து பேர் கொண்ட செயற்குழுவும் உருவாயின. இவை எல்லாவற்றையும் விட முக்கியமானவை இரண்டு வரிகள். ராணுவத்துக்கு மேலே அரசியல் தலைமை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மேலே நாட்டுக்குள் போராடுபவர்கள். அல்ஜீரியாவின் அடுத்த அறுபது வருட அரசியலை இந்த இரண்டு வரிகளை வைத்தே படித்துவிடலாம். கெய்ரோவில் இருந்த பென் பெல்லாவுக்கு இது நேரடி அவமானம். மலைத் தளபதிகளுக்கு, துப்பாக்கி பிடித்த தங்களை பேனா பிடித்தவன் அதட்டுகிறான் என்ற எரிச்சல். அபானுக்கு நாக்கும் கூர்மை. யாரையும் முகத்துக்கு நேரே கிழித்துவிடுவார், மன்னிப்பும் கேட்கமாட்டார்.

இரண்டு மாதத்தில் பிரான்ஸே அவருடைய ஒரு சிக்கலைத் தீர்த்துவைத்தது. அக்டோபர் 22 அன்று பென் பெல்லா, பூதியாஃப், ஐத் அகமது, கிதெர் ஆகியோர் மொராக்கோவிலிருந்து துனிஸுக்குப் பறந்த விமானத்தை, அதை ஓட்டிய பிரெஞ்சு விமானிகளை வைத்தே அல்ஜியர்ஸில் இறக்கிப் பிடித்தார்கள். 1962 வரை நால்வரும் சிறையில். ஆனால் சிறைக்குள் இருந்தவர்களின் பெயர் கெடவில்லை, கையில் ரத்தம் படவில்லை, உட்சண்டையிலும் அவர்கள் சிக்கவில்லை. அது பின்னால் பென் பெல்லாவுக்குப் பயன்பட்டது.

அபானும் பென் மிஹிதியும் போரைத் தலைநகருக்குக் கொண்டுபோனார்கள். இதற்குப் பின்னணி உண்டு. 1956 ஜூன் 19 அன்று பார்பெரூஸ் சிறையில் இரண்டு போராளிகளின் தலை கில்லட்டினில் வெட்டப்பட்டது. ஆகஸ்ட் 10 அன்று ஐரோப்பியத் தீவிரவாதிகள் அல்ஜீரியர்கள் நெருக்கமாக வாழ்ந்த பழைய நகரான கஸ்பாவின் தெப் தெருவில் நள்ளிரவில் வைத்த குண்டு, தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்களோடு வீடுகளைச் சரித்தது. செப்டம்பர் 30 அன்று மூன்று இளம்பெண்கள் ஐரோப்பியப் பெண்கள் போல உடுத்திக்கொண்டு, கடற்கரைப் பைகளில் குண்டுகளோடு சோதனைச்சாவடிகளைக் கடந்தார்கள். சட்டம் படித்துக்கொண்டிருந்த ஸோரா தெரீஃப் மில்க் பாரில் பையை வைத்துவிட்டு வெளியேறினார். விடுமுறை முடிந்து குடும்பங்கள் ஐஸ்கிரீம் சாப்பிட வந்த ஞாயிற்றுக்கிழமை அது. ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி தன் பாட்டியையும் ஒரு காலையும் அங்கே இழந்தாள். ஜமீலா பூஹிரெத் வைத்த மூன்றாவது குண்டு வெடிக்கவில்லை. தெரீஃபைக் கொண்டாடுகிறவர்கள் அந்தச் சிறுமியை மறக்கக்கூடாது, அந்தச் சிறுமிக்காக அழுகிறவர்கள் தெப் தெருவை மறக்கக்கூடாது என்பதுதான் என் நிலை.

1957 ஜனவரியில் அல்ஜியர்ஸின் போலீஸ் அதிகாரம் முழுக்க ஜெனரல் மாஸுவின் பாராசூட் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. பாரிஸில் இருந்தது சோஷலிஸ்ட் அரசு. நீதி அமைச்சர் மித்தரான். ஐ.நா.வின் கவனத்தை ஈர்க்க அபானின் குழு எட்டு நாள் பொது வேலைநிறுத்தம் அறிவித்தது. படையினர் கடைக் கதவுகளை உடைத்தார்கள், தொழிலாளர்களை வீடு புகுந்து இழுத்துப் போனார்கள். இரவில் ஆட்களைத் தூக்குவது, மின்சாரம் பாய்ச்சுவது, தண்ணீரில் அமுக்குவது எல்லாம் தினசரி நடைமுறை ஆனது. தலைநகரில் நேருக்கு நேர் மோதலாம் என்று அபான் போட்ட கணக்கு அந்த அளவில் தப்பிப்போனது. பிப்ரவரி 23 அன்று பென் மிஹிதி பிடிபட்டார். கைவிலங்கோடு பத்திரிகையாளர்கள் முன் நிறுத்தப்பட்டபோது அவர் சிரித்துக்கொண்டிருந்த படம் உலகமெங்கும் போனது. மார்ச் முதல் வாரத்தில், அறையில் தூக்கு மாட்டிக்கொண்டார் என்று அறிவித்தார்கள். அவரை நகருக்கு வெளியே ஒரு பண்ணைக்குக் கொண்டுபோய் தூக்கிலிட்டது தானும் தன் ஆட்களும்தான் என்று அதிகாரி ஒஸ்ஸாரெஸ் 2001இல் தன் வாயாலேயே சொன்னார். பிரெஞ்சு அரசு அதை அதிகாரபூர்வமாக ஒப்புக்கொள்ள 2024 நவம்பர் 1 வரை ஆனது.

இந்தப் போரை வடிவமைத்தவர்களின் வரிசையில் அந்தப் பக்கத்து ஆள் ஒருவரையும் சேர்ப்பேன். பால் தெய்த்ஜென், அல்ஜியர்ஸ் போலீஸ் நிர்வாகத்தின் பொதுச்செயலாளர். நாஜிக்களின் பிடியில் சித்திரவதையை அனுபவித்து, டாக்காவ் முகாமிலிருந்து மீண்டவர். வீட்டுக்காவல் ஆணைகள் எல்லாம் அவருடைய கையெழுத்துக்கு வரும். மனிதர் ஒவ்வொன்றையும் குறித்துவைத்தார். தன் கையெழுத்தோடு உள்ளே போனவர்களில் வெளியே வராதவர்கள் எத்தனை பேர்? அவருடைய கணக்கு 3,024. 1957 மார்ச்சிலேயே ராஜினாமா கடிதம் எழுதினார்: நான்சி நகரில் கெஸ்டப்போ நிலவறைகளில் தன் உடம்பில் விழுந்த அதே தடயங்களை இந்தக் கைதிகள் உடம்பில் பார்க்கிறேன் என்று. செப்டம்பரில் விலகினார். எதிர்ப்புத் தெரிவித்த ஜெனரல் போலார்தியேருக்கு 60 நாள் கோட்டைக்காவல் தண்டனை. அல்ஜியர்ஸ் சண்டையில் பாராசூட் படை ஜெயித்தது. ஆனால் இப்படிப்பட்டவர்கள் வாய் திறந்ததால் பிரான்ஸ் மக்கள் மனதில் அந்தப் போர் தோற்க ஆரம்பித்தது.

பென் மிஹிதி பிடிபட்டதும் அபானும் மற்றவர்களும் நாட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. உள்நாடே மேல் என்று எழுதிய மனிதர் இப்போது துனிஸில், தளபதிகள் நடுவில், துணையில்லாமல். அவருக்கு நெருக்கமான தோழன் போய்விட்டார். ஆகஸ்டில் கெய்ரோவில் கூடிய பேரவை சுமாமின் இரண்டு வரிகளையும் அடித்துவிட்டது. அதிகாரம் மூன்று தளபதிகள் கைக்குப் போனது: கிரிம் பெல்காசெம், பூஸ்ஸூஃப், பென் தோப்பால். அபான் அடங்கவில்லை, கர்னல்கள் குட்டி ராஜாக்கள் ஆகிறார்கள் என்று வெளிப்படையாகவே பேசினார். டிசம்பரில் மொராக்கோவில் அரசரோடு பேச வேண்டிய பிரச்சினை ஒன்று இருக்கிறது என்று சொல்லி அவரை அழைத்துப் போனார்கள். கிரிம் கூடவே போனார். 1957 டிசம்பர் 27 அன்று தெத்துவான் அருகே ஒரு பண்ணைவீட்டில், பூஸ்ஸூஃபின் ஆட்கள் அவர் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். ஐந்து மாதம் கழித்து, முன்னணியின் பத்திரிகை முதல் பக்கத்தில் அவர் படத்தைப் போட்டு, களத்தில் வீரமரணம் அடைந்தார் என்று எழுதியது. அந்தப் பத்திரிகையை ஆரம்பித்தவர்களில் ஒருவர் அபான்.

அபானைப் புனிதராக்க நான் விரும்பவில்லை. மெசாலியின் ஆட்களை ஒழிப்பதில் அவரும் ஈவிரக்கம் பார்க்கவில்லை. மெசாலி தனி அமைப்பு வைத்து மோத, அல்ஜீரியர்கள் அல்ஜீரியர்களைக் கொன்றார்கள். பிரான்ஸில் மட்டும் சுமார் 4,000 பேர் செத்தார்கள். 1957 மே மாதம் மெலூஸா அருகே மெசாலி பக்கம் சாய்ந்த ஒரு கிராமத்தில் முன்னணியினர் சுமார் 300 ஆண்களைக் கொன்றார்கள். அடுத்த ஆண்டு கபீலியாவின் புகழ்பெற்ற தளபதி அமிரூஷ், பிரெஞ்சு உளவுத்துறை விதைத்த சந்தேகத்தில் விழுந்து, படித்துவிட்டு மலையேறி வந்த தன் சொந்த இளைஞர்களையே நூற்றுக்கணக்கில் விசாரித்துக் கொன்றார். தலைவர் இல்லாத அமைப்பில் யார் சொல்வது சட்டம் என்ற கேள்விக்குப் பதில் இல்லாதபோது துப்பாக்கிதான் பதில் சொல்லும். சுமாம் மாநாடு அந்த இடத்தில் ஒரு பதிலை வைக்கப் பார்த்தது. அதனால்தான் அபானின் கொலை மற்றக் கொலைகளைப் போல ஒன்று அல்ல.

மற்றவர்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மார்த்தினிக் தீவில் பிறந்த மனநல மருத்துவர் ஃபிரான்ஸ் ஃபனோன், பிளிதா மருத்துவமனையில் சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்கும் சித்திரவதை செய்த போலீஸ்காரர்களுக்கும் சேர்த்து சிகிச்சை பார்த்து, அதைத் தாங்க முடியாமல் 1956இல் வேலையை விட்டு முன்னணியில் சேர்ந்தார். உலகம் அவரைப் போரின் சிந்தனையாளர் என்று நினைக்கிறது; உண்மையில் போரின் முடிவுகளில் அவருக்குப் பங்கு குறைவு. 1961 டிசம்பரில் ரத்தப் புற்றுநோயில் 36 வயதில் இறந்தார், அவர் விருப்பப்படி அல்ஜீரிய மண்ணில் புதைத்தார்கள். பிரெஞ்சு உலகக்கோப்பை அணியில் இடம்பிடிக்க இருந்த ரஷீத் மெக்லூஃபி உள்ளிட்ட ஆட்டக்காரர்கள் 1958 ஏப்ரலில் பிரான்ஸை விட்டு ரகசியமாக வெளியேறி, முன்னணியின் கால்பந்து அணியாக நாடு நாடாக ஆடினார்கள். மெக்லூஃபி செதீஃப்காரர், 1945இல் சிறுவன். பணமோ, பெரும்பகுதி பிரான்ஸில் தொழிற்சாலைகளில் உழைத்த அல்ஜீரியர்கள் மாதாமாதம் கொடுத்த சந்தா.

அப்புறம் தெகோல். 1958 மேயில் அல்ஜியர்ஸ் குடியேறிகளும் ராணுவமும் கிளர்ந்து அவரை ஆட்சிக்குக் கொண்டுவந்தார்கள். அவர்கள் முன் நின்று, உங்களைப் புரிந்துகொண்டேன் என்றார். ராணுவ ரீதியாக அவர் சும்மா இருக்கவில்லை: எல்லையில் ஏற்கெனவே இருந்த மின்வேலியை வலுப்படுத்தியது, 1959இல் ஜெனரல் ஷால் நடத்திய பெரும் வேட்டை, 20 லட்சம் கிராமத்தார் முகாம்களில். மலைப்படைகள் கிட்டத்தட்ட நொறுங்கின. ஆனால் 1960 டிசம்பரில் அல்ஜீரிய நகரங்களில் யாரும் அழைக்காமலே பெண்களும் சிறுவர்களும் கொடியோடு தெருவில் இறங்கினார்கள். ராணுவம் வென்ற பிறகும் மக்கள் அடங்கவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. ஜெனரல்கள் 1961 ஏப்ரலில் அவருக்கு எதிராகவே கலகம் செய்து தோற்றார்கள். 1962 மார்ச் 18 அன்று போரை முடித்துவைத்த எவியன் ஒப்பந்தத்தில் முன்னணி சார்பில் கையெழுத்திட்டவர் கிரிம் பெல்காசெம்.

மலைப்படைகள் நொறுங்கியபோது நொறுங்காத ஒரு படை இருந்தது. மின்வேலிக்கு அந்தப் பக்கம், துனீசியாவிலும் மொராக்கோவிலும், 30,000க்கும் மேற்பட்ட வீரர்கள் நல்ல ஆயுதங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். அதன் தலைமைத் தளபதி ஹுவாரி பூமெதியென்; கெய்ரோவில் அல் அஸ்ஹரில் படித்தவர், பூஸ்ஸூஃபின் வார்ப்பு, அதிகம் பேசாதவர். அவருக்கு ஒரு பிரபலமான முகம் தேவைப்பட்டது. பிரான்ஸில் காவலில் இருந்த தலைவர்களிடம் ஓர் இளம் அதிகாரியைத் தூது அனுப்பினார். பூதியாஃப் மறுத்தார், பென் பெல்லா சம்மதித்தார். தூது போன அதிகாரியின் பெயர் அப்தெல்அஸீஸ் பூதெஃப்லிகா.

ஜூலையில் விடுதலை. ஒரே நாயகன் மக்கள் என்று சுவரெங்கும் எழுதியிருந்தார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் எல்லைப்படை தலைநகரை நோக்கிக் கிளம்பியது. மலையில் மிஞ்சிய நான்காவது வட்டத்துப் போராளிகள் வழிமறித்தார்கள். மக்கள் இரண்டு படைகளுக்கும் நடுவில் வந்து, ஏழு வருடம் போதும் என்று கத்தினார்கள். பென் பெல்லா முதல் ஜனாதிபதி ஆனார். 1965இல் பூமெதியென் அவரையும் இறக்கிச் சிறையில் வைத்தார்.

கிதெர் 1967இல் மாட்ரிடில் சுட்டுக் கொல்லப்பட்டார். அபானைக் கூட அழைத்துப்போன கிரிம், 1970இல் ஃபிராங்பர்ட் ஹோட்டல் அறையில் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடந்தார். ஐத் அகமது மரண தண்டனை பெற்று, சிறையிலிருந்து தப்பி, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்து மறைந்தார். பூதியாஃப் மொராக்கோவில் செங்கல் தொழிற்சாலை நடத்திக்கொண்டிருந்தார். 1992 ஜனவரியில் ஜெனரல்கள் அவரை அழைத்துவந்து ஜனாதிபதி ஆக்கினார்கள். ஜூனில் அன்னாபாவில் மேடையில் பேசிக்கொண்டிருந்தபோது பாதுகாப்பு அதிகாரி ஒருவனே சுட்டுக் கொன்றான். பென் பூலைத் சிறையிலிருந்து தப்பி, 1956இலேயே குண்டு வைத்த ரேடியோ வெடித்து இறந்திருந்தார். படத்தில் இருந்த அறுவரில் இயற்கையாகச் செத்தவர் பிதாத் ஒருவர்தான். போரில் பங்கெடுத்ததாகப் பதிவான சுமார் 11,000 பெண்களுக்கு 1984இல் வந்தது, கல்யாணம் செய்யக்கூடக் காப்பாளர் வேண்டும் என்ற குடும்பச் சட்டம். அந்த மசோதாவை எதிர்த்து 1981இலேயே தெருவில் நின்றவர்களில் முன்னாள் போராளிப் பெண்களும் இருந்தார்கள்.

பூதெஃப்லிகா 1999 முதல் இருபது ஆண்டு ஜனாதிபதியாக இருந்தார். ஐந்தாம் முறையும் நிற்கப்போகிறார் என்றதும் 2019 பிப்ரவரி 22இல் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் லட்சக்கணக்கில் நடந்த அந்த ஊர்வலங்களில் அபானின் படமும் பென் மிஹிதியின் படமும் தூக்கிப் பிடிக்கப்பட்டன. முழக்கம்: ராணுவ ஆட்சி வேண்டாம், குடிமக்கள் ஆட்சி வேண்டும். எண்பதைத் தாண்டிய ஜமீலா பூஹிரெத்தும் கூட்டத்தில் நடந்தார். ஏப்ரலில் பூதெஃப்லிகா பதவி விலகினார், ஆனால் முடிவுகள் ராணுவத் தலைமையிடமே இருந்தன. ராணுவம் தன் வேட்பாளரை ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்டது என்று சொன்ன குற்றத்துக்காக ஜூன் 30 அன்று 86 வயது முதியவர் ஒருவர் கைது செய்யப்பட்டார். அவர் லக்தர் பூரெகா, 1962இல் எல்லைப்படையை வழிமறித்த அதே நான்காவது வட்டத்தின் தளபதிகளில் ஒருவர். அவர் போராளியே இல்லை, பொய் சொல்கிறார் என்று அரசுத் தொலைக்காட்சி செய்தி வாசித்தது. ஆறு மாதம் கழித்து விடுவித்தார்கள். 2020 நவம்பரில் கொரோனாவில் இறந்தார்.